கடவுளைக் கும்பிடும் பெண் பெண்ணியம் பேச முடியுமா? முதலில் நாத்திகர் ஆக வேண்டுமா?

கட்டாயம் பேச முடியும். நான் கடவுளை நம்பாதவள், இலங்கையின் வடக்கே வன்னியில் இருக்கிறேன். எங்கள் மாதர் சங்கத்தில் என்னோடு நிற்பவர்கள் எல்லாரும் சாமி கும்பிடுகிறவர்கள்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். கூடுதலாக அம்மாமாரும் மனைவிமாரும்தான். முருகனுக்குத் தேங்காய் உடைத்து அழுதவர்களே அரசாங்கத்திடம் "எங்கட பிள்ளையள் எங்கே?" என்றும் கேட்டார்கள். அவர்களிடம் போய் "முதலில் முருகனை விடுங்கோ, பிறகு உரிமையைப் பற்றிக் கதைப்பம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பெண் விடிய விடிய வெளியில் நின்றாலும் "எங்கே போனாய்?" என்று யாரும் கேட்காத இரவு அது. பெண்களுக்கு அப்படி எத்தனை இரவுகள் கிடைக்கின்றன?

அதற்காகச் சமயம் செய்யும் கொடுமையை மறைக்க மாட்டேன். போரில் கணவனை இழந்தவள் தோட்டம் செய்து, கூலிக்குப் போய் மகளை வளர்க்கிறாள். அதே மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்தியவீட்டில் ஆலாத்தி எடுக்க வேறொருத்தியைக் கூப்பிடுகிறார்கள். பெற்றவள் குசினிப் பக்கம் ஒதுங்கி நிற்கிறாள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

கணவன் காணாமல் ஆக்கப்பட்டவளின் நிலை இன்னும் மோசம். பொட்டு வைத்தால் "யாருக்காக வைக்கிறாள்?" என்று ஊர் கேட்கும். வைக்காவிட்டால், அவர் செத்துவிட்டார் என்று அவளே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். போர் முடிந்த 2009இலிருந்து எத்தனை பேர் காலையில் கண்ணாடிக்கு முன்னால் இப்படித் தவிக்கிறார்கள்! ஒரு பெண்ணின் நெற்றியில் ஊருக்கு என்ன வேலை?

சரி, நாத்திகம் வந்தால் இது மாறிவிடுமா? கடவுள் இல்லை என்று ஊரெல்லாம் பேசும் ஆண்கள் சிலரை எனக்குத் தெரியும். சீதனக் காணிக்கு உறுதிப் பத்திரம் முடித்துக் கையில் வந்த பிறகுதான் கலியாண எழுத்துக்கே வந்தார்கள். வடக்குத் தமிழருக்கான வழக்காற்றுச் சட்டமான தேசவழமைச் சட்டத்தை எடுங்கள். அதற்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரில் உள்ள காணியையே கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தில் அப்படி இருக்கிறது. கணவன் எங்கே என்றே தெரியாதவள் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்ற அனுமதிக்கு அலைய வேண்டும். கோயிலுக்குப் போவதை அவள் இன்றைக்கே நிறுத்தினாலும் இந்தச் சட்டம் அப்படியேதான் இருக்கும். சுயமரியாதை இயக்கத்தை நான் மதிப்பதும் இதனால்தான். 1929 செங்கல்பட்டு மாநாட்டில் அவர்கள் பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானமே போட்டார்கள். வெறும் கடவுள் மறுப்போடு நின்றுவிடவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலில் கூட்டுவது, மாலை கட்டுவது, அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுவது எல்லாம் பெண்கள். பரிபாலன சபையில் ஒரு பெண்கூட இல்லை, கணக்கும் ஆண்களிடம்தான். அடுத்த பொதுக்கூட்டத்தில் சபையில் பாதி இடம் கேட்க சங்கத்துப் பெண்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். கணவனை இழந்தவர்களும் கும்பம் வைக்கலாம், ஆலாத்தி எடுக்கலாம் என்று அதே கூட்டத்தில் எழுதி வாங்கவும் போகிறார்கள். கும்பிடாத நானும் அவர்களோடு போய் முன்வரிசையில் இருப்பேன்.