செஸ் போட்டியில் ஓப்பனிங்கை, அதாவது தொடக்க நகர்த்தல்களை, மடமடவென்று ஆடினால் எதிராளி பயந்துவிடுவாரா?

பயப்படுவார், ஆனால் கை வேகமாகப் போவதைப் பார்த்து அல்ல. நாம் இதையெல்லாம் வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்ற வேண்டும், அப்போதுதான் பயம் வரும்.

1995-ல் நியூயார்க்கில் நடந்த காஸ்பரோவ் - ஆனந்த் உலகப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எட்டு ஆட்டமும் டிரா, ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். பத்தாவதில், ஆறாவது ஆட்டத்தில் வந்த அதே ஓபன் ஸ்பானிஷ் ஓப்பனிங் திரும்பவும் வர, 14-வது நகர்த்தலில் காஸ்பரோவ் மந்திரியை சி2 கட்டத்தில் வைத்தார். ஒரு முழு யானையையே தூக்கிக் கொடுக்கிற திட்டம் அது. காயை வைப்பார், எழுந்து போவார், போகும்போது கதவைப் படாரென்று சாத்துவார். ஆனந்த் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் போல யோசித்தார். என்னைக் கேட்டால் கதவுச் சத்தம் வெறும் எரிச்சல்தான், எதிராளி வாரக்கணக்கில் பார்த்து முடித்ததை நாம் இப்போது, நம் க்ளாக் ஓட ஓட, தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் ஆளை உடைப்பது. அந்த ஆட்டத்தை ஜெயித்த காஸ்பரோவ், அடுத்த ஆட்டத்தில் யாரும் எதிர்பார்க்காத சிசிலியன் டிராகன் என்ற ஓப்பனிங்கை எடுத்தார், அதையும் ஜெயித்தார். பத்திலிருந்து பதினான்குக்குள் நான்கு வெற்றி!

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. 1980-ல் உலகச் சாம்பியன் கார்ப்போவ் முதல் நகர்த்தலாக இ4 ஆட, இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் ஏ6 என்று ஓரச் சிப்பாயைத் தள்ளினார். இரண்டு பேருக்குமே புத்தகத்தில் படித்துவைத்த நகர்த்தல்கள் அங்கேயே முடிந்தன, மைல்ஸ் ஜெயித்தார்.

சரி, நம்மைப் போன்றவர்களுக்கு வருவோம். ஒரு ரேட்டிங் போட்டியில் எனக்குக் கறுப்பு, எதிரே பத்து வயசுப் பையன். சின்னப் பையன்தானே, மிரட்டிவிடலாம் என்று காரோ-கான் ஓப்பனிங்கை நொடிக்கு ஒரு நகர்த்தலாகத் தட்டினேன். நான்காவது நகர்த்தலில் குதிரையை டி7-க்குக் கொண்டுபோனேன். அவன் ராணியை ராஜாவுக்கு முன்னால், இ2-வில் வைத்தான். அசட்டு நகர்த்தல் என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போல இன்னொரு குதிரையை எஃப்6-க்கு எடுத்தேன். அவன் தன் குதிரையை டி6-ல் வைத்து மேட் கொடுத்தான். இ7 சிப்பாயால் அதை வெட்ட முடியாது, வெட்டினால் ராணியின் பார்வை என் ராஜா மேல். ஆறே நகர்த்தல்! ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி கூடுகிற போட்டி என்பதால், 90 நிமிடத்தில் ஆரம்பித்த என் க்ளாக்கில் தோற்றபோது 92 நிமிடம் இருந்தது.

அதிலிருந்து, தெரியாத நகர்த்தல் ஒன்று வந்தால் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடமாவது உட்காருகிறேன். எதிராளி எவ்வளவு வேகமாக ஆடினாலும் என் வேகத்தை மாற்றுவதில்லை.

அப்புறம், தெரிந்த நகர்த்தலுக்கும் நெற்றியைச் சுருக்கி யோசிப்பதுபோல நடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நண்பர் ஒருவர் அப்படிக் கால் மணி நேரம் நடித்து எதிராளியை ஏமாற்றியும்விட்டார், ஆனால் 35-வது நகர்த்தலில் அதே கால் மணி நேரம் இல்லாமல் தவித்து, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். அன்றைக்கு டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.