மருந்துக்கு மசியாத சீழ்க்கட்டி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

ஸ்டாஃப் என்ற பாக்டீரியாவால் தோலில் வரும் தொற்று பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அதிலும் லேப் ரிப்போர்ட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற நான்கு எழுத்தைப் பார்த்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கலங்கி எழுதியவர்கள்தான் அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பல கடிதங்களில் வலியைவிடக் கூச்சம்தான் பெரிதாகத் தெரிந்தது. அதனால் ஒன்றிரண்டு பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: தொடையில் வந்த கட்டியைக் கீறி, சீழை டெஸ்டுக்கு அனுப்பினார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இனி என் உடம்பு எந்த மருந்துக்கும் கேட்காதா?

பதில்: உங்கள் உடம்புக்கு எதுவும் ஆகிவிடவில்லை. மருந்துக்கு மசியாமல் இருப்பது அந்தக் கிருமி. அதுவும் எல்லா மருந்துகளிடமும் அது முரண்டு பிடிப்பதில்லை.

இந்தக் கிருமியின் முழுப்பெயர் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் திராட்சைக் குலை போலக் கொத்துக் கொத்தாக இருக்கும். கிரேக்க மொழியில் திராட்சைக் குலைக்கு ஸ்டாஃபிலே என்று பெயர். 1880களில் சீழுக்குள் இதைக் கண்டு அந்தப் பெயரை வைத்தவர் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். லேபில் கிருமி வளர்க்கும் கல்ச்சர் தட்டில் தடவி வைத்தால் மறுநாள் பொன்மஞ்சள் நிறத்தில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். லத்தீனில் ஆரியஸ் என்றால் பொன்னிறம்.

1928இல் விஞ்ஞானி ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டதே ஸ்டாஃப் வளர்த்த ஒரு தட்டில்தான். பெனிசிலின் புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளிலேயே, அதை உடைத்துப்போடும் நொதியை ஸ்டாஃப் உண்டாக்கிக்கொண்டது. அந்த நொதிக்கு உடையாத மருந்தாக, 1960ஐ ஒட்டி மெத்திசிலின் வந்தது. 1961லேயே இங்கிலாந்தில் அதற்கும் அடங்காத ஸ்டாஃப் பதிவாகிவிட்டது. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. இன்று மெத்திசிலினை யாரும் நோயாளிக்குக் கொடுப்பதில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கிருமி தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொண்டே இருக்கிறது. பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் அந்தச் சுவரைக் கட்டும் கொத்தனாரின் கையைக் கட்டிப்போடும். எம்.ஆர்.எஸ்.ஏ.விடம் மெக்-ஏ என்ற மரபணு இருக்கிறது. அது வேறொரு கொத்தனாரைக் கொண்டுவந்து விடுகிறது, அவர் கை இந்த மருந்துகளுக்கு அகப்படாது. அதனால் அமாக்சிசிலின், செஃபலெக்சின் போன்ற வழக்கமான மாத்திரைகள் பலிக்காது.

வேறு வழிகளில் தாக்கும் மருந்துகள் இருக்கின்றன. கோ-ட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், கிளிண்டாமைசின், லினிசோலிட் ஆகியவை மாத்திரையாகவே கிடைக்கும். தொற்று ரத்தத்திலோ எலும்பிலோ இறங்கிவிட்டால் வேன்கோமைசின் போன்றவற்றை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மருந்துக்கு எதிரிலும் பெரும்பாலும் எஸ் அல்லது ஆர் என்ற எழுத்து இருக்கும். எஸ் என்றால் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது. எஸ் போட்டவற்றில் உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

கேள்வி: டாக்டர் கட்டியைக் கீறிச் சீழை எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் எதுவும் எழுதாமல் அனுப்பிவிட்டார். இது அலட்சியம் இல்லையா?

பதில்: இல்லை. சீழ்க்கட்டிக்கு முதல் வைத்தியமே கீறி வடிப்பதுதான். சீழைச் சுற்றி உடம்பு ஒரு உறை கட்டிவிடும். அந்த உறைக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. உள்ளே இருப்பதை வெளியே எடுத்தால் மீதியை உடம்பே பார்த்துக்கொள்ளும்.

2016இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், கீறி வடித்தபின் ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 73.6 சதவீதம் பேர் குணமானார்கள். கோ-ட்ரைமாக்சசோல் சாப்பிட்டவர்களில் 80.5 சதவீதம். மாத்திரையால் பலன் உண்டு, ஆனால் பெரும்பங்கு வேலையைச் செய்தது கத்திதான். கட்டி பெரிதாக இருந்தாலோ, பல இடங்களில் வந்தாலோ, சுற்றிலும் சிவந்து பரவினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, சர்க்கரை நோய் போல எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் பிரச்சினை இருந்தாலோ மாத்திரையும் சேர்ந்தே வரும். உங்களுக்கு இவற்றில் ஏதாவது இருந்து, டாக்டரிடம் சொல்லாமல் விட்டிருந்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சின்னக் கட்டிதானே, நானே ஊசியால் குத்திப் பிதுக்கிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பிதுக்கும்போது சீழ் வெளியே வரும் அளவுக்கு உள்ளேயும் போகும். மூக்கைச் சுற்றியும் மேலுதட்டிலும் வரும் கட்டியைத் தொடவே கூடாது. அங்கிருக்கும் ரத்தக் குழாய்கள் மூளையை ஒட்டிய சிரைகளோடு தொடர்புள்ளவை. அரிதாக என்றாலும், தொற்று அந்த வழியில் ஏறிப் பார்வையையும் உயிரையும் எடுத்ததுண்டு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால் ஒத்தடம் கொடுங்கள். தானாக உடைந்தால் மூடிவையுங்கள். இன்னொன்று, எம்.ஆர்.எஸ்.ஏ. கட்டியைப் பூச்சிக்கடி, சிலந்திக்கடி என்று நினைத்துப் பல நாள் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. கடித்த பூச்சியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சிவந்து, சூடாகி, நாளுக்கு நாள் வலி ஏறினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவின் முதுகுப் புண்ணுக்கு வீட்டில் நான்தான் டிரெஸ்ஸிங் மாற்றுகிறேன். எனக்கு ஒட்டாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: நீங்கள் செய்வது பெரிய காரியம். வரிசையை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேவையான எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்: புதிய காஸ் துணி, பிளாஸ்டர், கிளவுஸ், ஒரு பிளாஸ்டிக் பை. பாதியில் எழுந்து அலமாரியைத் திறக்கும்போதுதான் கைப்பிடியில் கிருமி ஒட்டும். சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவிவிட்டு கிளவுஸ் போடுங்கள். பழைய டிரெஸ்ஸிங்கை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்து, சீழ் பட்ட பக்கம் உள்ளே போகும்படி மடித்துப் பையில் போடுங்கள். கிளவுஸையும் உட்புறம் வெளியே வரும்படி கழற்றி அதே பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். இந்த இடத்தில் மறுபடி கை கழுவ வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது கழுவலைத்தான். பழைய அழுக்குப் பட்ட கையோடு புதிய காஸைத் தொட்டால் செய்ததெல்லாம் வீண். அப்புறம் புதிய கிளவுஸ், புதிய டிரெஸ்ஸிங், முடிந்ததும் மூன்றாவது முறை கை கழுவல். காஸ் நனைந்து கசிந்தால் அடுத்த வேளை வரைக்கும் காத்திருக்காமல் மாற்றுங்கள். உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்தால் அதையும் ஒட்டி மூடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 68 வயது. ஆஸ்பத்திரியில் மூக்கில் டெஸ்ட் எடுத்து எம்.ஆர்.எஸ்.ஏ. இருக்கிறது என்றார்கள். புண் எதுவும் இல்லை. அங்கே கிளவுஸும் கவுனும் போட்டுக்கொண்டுதான் என் அருகே வந்தார்கள். இப்போது வீட்டில் பேரக்குழந்தையைத் தூக்கப் பயமாக இருக்கிறது. தனித் தட்டு வைத்துக்கொண்டு என் அறையிலேயே இருக்கிறேன்.

பதில்: அம்மா, முதலில் அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள்.

சுமார் மூன்றில் ஒருவர் மூக்கில் ஏதோ ஒரு ஸ்டாஃபைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார். அதில் ஒரு சிறு பங்கு எம்.ஆர்.எஸ்.ஏ. உங்களுக்கு டெஸ்ட் எடுத்தார்கள், தெரிந்துவிட்டது. வீட்டில் மற்றவர்களுக்கு எடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கிருமி மூக்கில் இருப்பது வேறு, அதனால் நோய் வருவது வேறு. நீங்கள் அதைச் சுமப்பவர் மட்டுமே, உங்களுக்கு நோய் இல்லை.

ஆஸ்பத்திரியில் கவுன் போட்டதற்குக் காரணம் உண்டு. அந்த நர்ஸ் உங்கள் படுக்கையிலிருந்து நேராக அடுத்த படுக்கைக்குப் போகிறார். அங்கே அறுவைக் காயத்தோடு ஒருவர், சிறுநீர்க் குழாயோடு ஒருவர், கழுத்தில் ஊசிக் குழாயோடு ஒருவர் இருப்பார்கள். இந்தக் கிருமிக்கு அவையெல்லாம் திறந்த கதவுகள். உங்கள் வீட்டில் ஓடியாடும் குழந்தைக்கு அப்படி எதுவும் இல்லை. வார்டில் தேவைப்பட்ட விதியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. இதை டிஸ்சார்ஜ் செய்யும்போதே யாராவது உட்கார்ந்து உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எங்கள் பக்கத்துத் தவறு.

கையைக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள், மடியில் வையுங்கள், கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். தட்டு வழக்கம்போலச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். மூக்கைத் துடைத்தபின் கை கழுவுங்கள். துண்டும் ரேசரும் மட்டும் உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும், அது எல்லோருக்குமே நல்ல பழக்கம்தான். புண் வந்தால் மூடிவையுங்கள். பிறந்து சில வாரமே ஆன குழந்தையோ, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ வீட்டில் இருந்தால் மட்டும் அவர்களுடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒருவருக்குச் சரியானால் அடுத்தவருக்குக் கட்டி வருகிறது. ஒரு வருடமாக இதே கதை. இதற்கு முடிவே கிடையாதா?

பதில்: உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். இந்த நிலையில் டாக்டர்கள் கிருமி நீக்கச் சிகிச்சையை யோசிப்பார்கள். மூபிரோசின் ஆயின்மென்ட்டை மூக்குத் துவாரங்களுக்குள் தினம் இரண்டு வேளை 5 நாள் தடவ வேண்டும். அதே நாட்களில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் குளிக்க வேண்டும். கண்ணிலும் காதுக்குள்ளும் அது படக் கூடாது. வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவிக்கொண்டிருந்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் செய்தால்தான் பலன் நிற்கும். கட்டி உள்ளவருக்கு மட்டும் செய்தால், சுமப்பவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

2019இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு நம்பிக்கை தந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய, எம்.ஆர்.எஸ்.ஏ. சுமக்கும் சுமார் 2,100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சுத்தம் பற்றிய அறிவுரை மட்டும். இன்னொரு பாதிக்கு அறிவுரையோடு, மாதம் இருமுறை ஐந்தைந்து நாள் என்று ஆறு மாதம் இந்தச் சிகிச்சை. இரண்டாவது குழுவில் எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று 30 சதவீதம் குறைந்தது. ஆனால் ஆயின்மென்ட்டை நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் தடவாதீர்கள். மூபிரோசினுக்கும் அடங்காத ஸ்டாஃப் இருக்கிறது, அதை வளர்த்துவிடக் கூடாது.

கேள்வி: மகன் மல்யுத்தம் பயில்கிறான். குழுவில் இருவருக்கு இந்தக் கட்டி. அவனை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். உடம்போடு உடம்பு உரசும் விளையாட்டுகளில் இது அடிக்கடி வருவதுதான். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்கட்டும், வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. துண்டு, ரேசர், முழங்கால் உறை எதையும் பகிர வேண்டாம். சிராய்ப்பை உடனே கழுவி மூட வேண்டும். கட்டி உள்ள இருவரும், புண் ஆறும்வரை, மோதும் பயிற்சியில் இறங்காமல் இருப்பது நல்லது. பயிற்சியாளரிடம் நீங்களே பேசுங்கள். குழுவிலிருந்து விலக்கிவிடுவார்களோ என்று பையன்கள் கட்டியை மறைப்பார்கள், பரவுவதற்கு அதுவே காரணமாகிவிடும். மெத்தையைத் தினமும் கிருமிநாசினியால் துடைக்கிறார்களா என்றும் கேளுங்கள். உலர்ந்த பரப்பிலும் ஸ்டாஃப் நாட்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும்.

கேள்வி: துணிகளைக் கொதிக்கவைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். சோப்புத்தூள் போட்டு, துணி தாங்குமென்றால் வெந்நீரில் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துங்கள். புண் கசியும் நாட்களில் படுக்கை விரிப்பையும் துண்டையும் அடிக்கடி மாற்றுங்கள்.

கேள்வி: பத்து நாள் மாத்திரையில் நான்கே நாளில் வலி போய்விட்டது. மீதியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ளாதீர்கள், வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். சீக்கிரம் நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை, சில தொற்றுகளுக்குக் குறைந்த நாளே போதும். முடிவை அவர் எடுக்கட்டும். அரைகுறை டோஸ் கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதாகிவிடும் என்று 1945லேயே, நோபல் பரிசு உரையில், ஃபிளெமிங் எச்சரித்தார். 2019இல் மட்டும், எம்.ஆர்.எஸ்.ஏ.வின் மருந்து எதிர்ப்பால் உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கேள்வி: எந்த அறிகுறி வந்தால் உடனே ஓட வேண்டும்?

பதில்: குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிவப்பு மணிக்கு மணி பரவுவது, புண்ணிலிருந்து சிவப்புக் கோடு ஏறுவது, வெளியே தெரிவதைவிடப் பல மடங்கு வலி, மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு. இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இரவானாலும் அவசர சிகிச்சைக்குப் போங்கள். கட்டி ஆறிச் சில வாரம் கழித்துக் காய்ச்சலோடு கடுமையான முதுகுவலி வந்தாலும் பழைய கட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். ரத்தம் வழியே கிருமி முதுகெலும்பில் போய் உட்கார்ந்திருக்கலாம்.

கேள்வி: இதற்குத் தடுப்பூசி உண்டா?

பதில்: இதுவரை இல்லை. முயற்சிகள் நடந்தன, எதுவும் ஒப்புதல் வரை வரவில்லை.

கேள்வி: அடுத்த மாதம் முழங்கால் மாற்று அறுவை. மூன்று வருடம் முன்பு எம்.ஆர்.எஸ்.ஏ. வந்து போனது. பழைய கதைதானே, சொல்லாமல் விட்டுவிடவா?

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். சொன்னால் அறுவையை ரத்து செய்துவிடுவார்கள் என்ற பயம் தேவையில்லை. மூக்கில் மறுபடி டெஸ்ட் எடுப்பார்கள். கிருமி இருந்தால் அறுவைக்கு முந்தைய நாட்களில் மேலே சொன்ன ஆயின்மென்ட்டும் குளியலும் கொடுப்பார்கள், அறுவையின்போது தொற்று வராமலிருக்கப் போடும் ஆன்டிபயாடிக் ஊசியையும் அதற்கேற்ப மாற்றுவார்கள். சொல்லாமல் விட்டால் வழக்கமான ஊசியே போடப்படும், எம்.ஆர்.எஸ்.ஏ.வை அது தடுக்காது. அறுவைக்கு முன் நீங்களாகக் கால் முடியை ஷேவ் செய்துகொண்டு போகாதீர்கள், ரேசர் போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களே கிருமிக்கு வழியாகிவிடும். பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொண்டு, அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் காட்டுங்கள்.