மெட்டா அனாலிசிஸும் அம்மாவின் கண்ணும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும். நோயாளிகளைச் சேர்த்து ஆய்வு செய்ய நேரமில்லை. “மெட்டா அனாலிசிஸ் போடும்மா, லேப்டாப் போதும், மூணு மாசத்துல முடிஞ்சிடும்” என்கிறார்கள் சீனியர்கள். ஏற்கெனவே பிறர் செய்த சோதனைகளைத் தேடியெடுத்து, முடிவுகளை ஒன்றாகத் தொகுத்துக் கணக்கிடும் வேலை அது. எந்தத் தலைப்புக்கு இப்போது மவுசு? கட்டுரைகளைச் சலிக்க ஏஐ-யை நம்பலாமா?

ஒரு வாசகி

டாக்டரம்மா,

ஏஐ கதையை விடுங்கள். ஆயிரக்கணக்கில் கொட்டினாலும் சலித்துத் தரும். சல்லடையில் தங்கியதைப் படிக்க நீங்கள்தான் உட்கார வேண்டும். மூன்று மாதம் என்ற சீனியரிடம், ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்தாரா என்று கேளுங்கள். அதற்கென்றே 2011-லிருந்து பிராஸ்பெரோ என்ற இணையப் பதிவேடு இருக்கிறது.

‘மவுசு’ என்ற சொல்தான் உறுத்தியது. சோழவந்தான் பக்கம் அறுப்பு மிஷின் இறங்கிவிட்டது. அந்தத் தூசியைப் பார்த்ததிலிருந்து எனக்கு அம்மாவின் கண் நினைப்புதான்.

முதலில் மவுசு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் 2016-ல் ஒரு கணக்குப் போட்டார். 1991-க்கும் 2014-க்கும் இடையே, ஆண்டுக்கு வெளியாகும் மெட்டா அனாலிசிஸ் 2,635 சதவீதம் கூடியிருக்கிறது. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுதளத்தில் ஏறும் மொத்தக் கட்டுரைகள் கூடியது 153 சதவீதம்தான். மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி மட்டும் 2007 முதல் 2014 வரை 185 வந்தன. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே ஒரே பானையை 185 பேர் பதம் பார்த்திருக்கிறார்கள்! சரி, பார்க்கட்டும். நெல்லை நட்டது யார்? நோயாளிகளைச் சேர்த்துச் சோதனை செய்தது யார்?

1981 தை மாதம். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த அம்மாவின் வலது கண்ணில் சுணை விழுந்தது. முந்தானையைச் சுருட்டி ஊதி ஒற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். மறுநாள் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். மூன்றாம் நாள் அப்பா மெடிக்கல் ஷாப்பில் “கண்ணு சிவப்புக்கு” என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார். அது ஸ்டீராய்டு என்பது பிறகுதான் தெரிந்தது. சிவப்பு குறைந்தது, பூஞ்சை வளர்ந்தது. பங்குனிக்குள் பூ விழுந்துவிட்டது. அப்புறம் ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவாள்.

1993-ல் மட்டும் மதுரை மாவட்டத்தில் லட்சம் பேருக்கு 113 பேர் என்ற கணக்கில் கருவிழிப் புண் வந்தது என்று பின்னால் படித்தபோது, அம்மா தனி ஆளில்லை என்று புரிந்தது.

இந்தப் பூஞ்சைப் புண்ணுக்குப் பழைய மருந்தான நேட்டாமைசின் நல்லதா, புதிய வோரிகோனசோல் நல்லதா? மதுரை உள்ளிட்ட அரவிந்த் மருத்துவமனைகளில் 323 பேரைச் சேர்த்தார்கள். புண்ணைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பூஞ்சையை உறுதி செய்து, சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்து, எந்தப் புட்டியில் எது என்று தெரியாமல் மருந்து கொடுத்து, மாதக் கணக்கில் திரும்ப வரவழைத்துப் பார்வையை அளந்தார்கள். வயல் வேலையை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்தவர்கள் அவர்கள். 2013-ல் முடிவு வந்தது: பழையதுதான் மேல், அதிலும் ஃப்யூசேரியம் வகைப் பூஞ்சைக்கு ரொம்பவே மேல். இதே நோய் பற்றி, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துத் தரும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2015-ல் வெளியிட்ட தொகுப்பாய்வில் இருந்த 12 சோதனைகளில் 10 இந்தியாவில் நடந்தவை. உலகமே அண்ணாந்து பார்க்கும் காக்ரேனுக்கு நெல் போனது நம் வயலிலிருந்து.

உங்களுக்கு என்னடா என்றால் நோயாளியைச் சேர்க்க நேரமில்லை! காலையில் ஓபி வாசலில் நிற்கும் வரிசை உங்கள் கண்ணில் படவில்லையா? மெட்டா அனாலிசிஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. இதுவரை யாரும் தொகுக்காத கேள்வி கையில் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை. மவுசு பார்த்துச் செய்தால் நீங்கள் 186-வது ஆள். பதவி உயர்வு உங்களுக்கு வேண்டும் என்பது புரிகிறது அம்மா. இரண்டு பிள்ளைகளையும் நைட் டியூட்டியையும் வைத்துக்கொண்டு என் மகள் படும் பாட்டை நானும்தான் பார்க்கிறேன். ஆனாலும் திட்டாமல் இருக்க முடியவில்லை.

தலைப்பு கேட்டீர்கள் அல்லவா? அறுப்பு முடிவதற்குள் ஒருநாள் சோழவந்தானுக்கு வாருங்கள். களத்தில் நின்று பேசுவோம். கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள், தூசி அதிகம்.