மொரீஷியஸின் கங்கா தலாவ் ஏரிக்கு நடந்தே போகலாமா?

கேள்வி (ரோஸ் ஹில் வாசகி): எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஒவ்வொரு மகா சிவராத்திரிக்கும் காரில்தான் கிராண்ட் பாசின் (கங்கா தலாவ்) போய் வருகிறோம். அடுத்த முறை நடந்து போக ஆசை. ஒரே நாளில் முடியுமா? வெறுங்காலோடுதான் போக வேண்டுமா?

பதில்: முடியும் அம்மா, தாராளமாக முடியும். போர்ட் லூயியிலிருந்து வருகிறவர்களுக்குச் சுமார் 40 கிலோமீட்டர். உங்களுக்கு அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் தூரத்தை விட ஏற்றத்தைக் கணக்கில் வையுங்கள். ஏரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 அடி உயரத்தில் இருக்கிறது, நீங்கள் கிளம்பும்போதிலிருந்தே சாலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டேதான் போகும். காரில் போகும்போது அது தெரியவே தெரியாது, முழங்காலுக்குத் தெரியும்.

விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்குக் கிளம்பிவிடுங்கள். பிப்ரவரி, மார்ச் மாத வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒன்பது மணிக்கு மேல் தார் கொதிக்கும். கத்ர் போர்ன், வாக்வா வரை ஊர்களுக்குள்தான் நடப்பீர்கள். வழியெல்லாம் தொண்டர்கள் பந்தல் போட்டுத் தண்ணீர், பழம், பூரி, தேநீர் என்று கையைப் பிடித்துக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அதுதான் யாத்திரை, அடுப்படியில் நின்றே ராத்திரி முழுக்கக் கழிக்கிறார்கள். பசி இல்லையென்றால் அரை டம்ளர் தண்ணீராவது வாங்கிக் குடித்துவிட்டுப் போங்கள். விரதம் இருந்தால் உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர் ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும், வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் தலை சுற்றும்.

லா மாரி தாண்டியதும் வீடுகள் குறைந்துவிடும். மார் ஒ வாக்வா நீர்த்தேக்கம் வரும், தீவிலேயே பெரியது அதுதான், அப்புறம் பைன் மரங்கள், பெத்ரேன் என்ற இடம், கடைசியாக ஏரி. நடையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கடினமான பகுதியும் இதுதான், ஏனென்றால் உடம்பு களைத்திருக்கும், மழையும் பனிமூட்டமும் திடீரென்று வரும், கீழே வெயிலில் வெந்தவர்கள் மேலே குளிரில் நடுங்குவார்கள். மெல்லிய மழைக்கோட்டு ஒன்றும் மாற்று உடை ஒரு செட்டும் பையில் வையுங்கள். தூரத்தில் ஏரிக்கருகே நிற்கும் மங்கள் மகாதேவ் என்ற சிவன் சிலை தெரிந்ததும் வந்துவிட்டோம் என்று வேகம் கூட்டாதீர்கள். 108 அடிச் சிலை, பக்கத்தில் இருப்பது மாதிரி தெரியும், ஆனால் இன்னும் நடக்க இருக்கும்.

வெறுங்கால் வேண்டாம். தைப்பூசத்துக்குக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வெறுங்காலோடு போகிறோம் என்றால் அது சில மணி நேரம். இதுவோ ஒரு பகல் முழுக்கத் தார் ரோடு. பழகிய ஷூ போடுங்கள், புதிதாக வாங்கியது வேண்டவே வேண்டாம். குதிகாலிலும் விரல் இடுக்கிலும் வாசலின் தடவி, பாதி வழியில் காலுறையை மாற்றிவிட்டால் கொப்புளம் பெரும்பாலும் வராது. ஏரிக்கரையில் கழற்றினால் போதும், சுவாமிக்கு அதில் குறை இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். இரண்டு மாதம் முன்னாலிருந்து வாரம் ஒரு நாள் நீளமாக நடந்து பழகுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் நடையை விட்டுவிடுங்கள்.

கேள்வி (கத்ர் போர்ன் வாசகர்): நமக்குத் தைப்பூசக் காவடி இருக்கிறது, மலைச்சரிவில் முருகன் கோயில் இருக்கிறது. கங்கா தலாவ் வட இந்திய வம்சாவளியினர் வழக்கம்தானே, நாம் ஏன் போக வேண்டும்?

பதில்: தொடங்கியது அவர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. 1898-இல் திரியோலே பக்கத்து மக்கள் காட்டு வழியில் நடந்து போனதிலிருந்து இந்த யாத்திரை வளர்ந்தது. 1972-இல் கங்கை நீரைக் கொண்டுவந்து ஏரியில் கலந்தார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது, நாம் பங்கு கேட்க வேண்டாம். ஆனால் சிவராத்திரி யாருடையது என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். நம் கோயில்களிலும்தான் அன்றிரவு நான்கு சாமமும் பூஜை நடக்கிறது. உங்கள் பாட்டன் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தபோது பக்கத்து வரிசையில் நின்றவர் யார்? போஜ்புரி பேசியவர், தெலுங்கு பேசியவர், மராத்தி பேசியவர். அவர்களோடு ஒரு நாள் சேர்ந்து நடப்பதில் நம் தமிழ் எங்கே குறைந்துபோகிறது? போக மனமில்லையென்றால் போகாதீர்கள், அது உங்கள் விருப்பம். போகிறவர்களைத் தடுக்காதீர்கள். நான் நமச்சிவாய சொல்லிக்கொண்டே நடக்கிறேன், பக்கத்தில் வருகிறவர்கள் ஹிந்தியில் பஜனை பாடுகிறார்கள், இரண்டும் ஒரே சாலையில் நன்றாகத்தான் போகின்றன.

கேள்வி (கியூர்பிப் வாசகி): என் மகனுக்கு 17 வயது. நண்பர்களோடு சேர்ந்து பெரிய கான்வர் (யாத்திரையில் கொண்டுபோகும் மூங்கில் அலங்காரக் காவடி) கட்டுகிறான். பயமாக இருக்கிறது, தடுக்கவா?

பதில்: நடப்பதைத் தடுக்காதீர்கள், உயரத்தைத் தடுங்கள். 2024 மார்ச்சில் ஒரு கான்வர் மின்கம்பியில் பட்டுத் தீப்பிடித்து ஆறு பேர் இறந்துபோனார்கள், அந்தச் செய்தியைக் கேட்ட நாளை என்னால் மறக்க முடியவில்லை. மூங்கிலும் காகிதமும் துணியும் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்று நினைத்துப் பாருங்கள். போதாததற்கு, வண்டி நிறைய அலங்காரத்தோடு ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் ஏறிவிடுகின்றன. தோளில் தூக்கக்கூடிய அளவுக்குச் செய்யச் சொல்லுங்கள். உட்கார்ந்து அவனோடு பேசுங்கள், திட்டாதீர்கள். அந்த வயதில் நண்பர்கள் முன்னால் பின்வாங்குவது அவனுக்குக் கஷ்டம், அதனால் மற்றப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் நீங்களே பேசிவிடுங்கள். இரவில் நடந்தால் எல்லாருக்கும் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம்.

கேள்வி (வாக்வா வாசகர்): ஏரி நீரை எடுத்துக்கொண்டு திரும்பியும் நடக்க வேண்டுமா?

பதில்: பலர் நடக்கிறார்கள், சிவராத்திரி இரவு தங்கள் ஊர்க் கோயில் லிங்கத்துக்கு அபிஷேகம் செய்ய வேண்டும் என்பதால் இரண்டு மூன்று நாள் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். சிறப்புப் பேருந்துகள் ஓடும், மூடி இறுக்கமான சொம்பில் நீரை எடுத்துக்கொண்டு அதில் ஏறி வாருங்கள்.