வாப் பெண்களுக்கான சலுகை இல்லை, தம்பி

ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமின் ஐடி வட்டாரமான கிஸ்தாவுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். (கிஸ்தா என்று எழுதி ஷிஸ்தா என்று சொல்வது பழகிவிட்டதா?) உங்கள் கேள்வி இதுதானே: குழுவில் இருக்கும் பெண்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலையில் ஒரு வரி போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், ஜூலை விடுமுறையும் அவர்களுக்கே, இந்த வருடம் பார்சிலோனா மாநாட்டுக்கும் ஒரு பெண்ணைத்தான் அனுப்புகிறார்கள், கல்யாணமாகாத ஆண் என்றால் இளிச்சவாயனா?

பாதி சரி, பாதி தப்பு. தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், அதே தப்பை 2009-ல் வந்த புதிதில் உங்களைவிடச் சத்தமாகச் செய்தவன் நான்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருக்கிறார்களே, அந்த வாப் என்ற விடுப்பு கம்பெனி கொடுக்கும் சலுகையே இல்லை. அன்றைய சம்பளத்தைக் கம்பெனி பிடித்துக்கொள்ளும். ஃபர்ஷேக்ரிங்ஸ்கஸ்ஸான் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட சமூகக் காப்பீட்டு அலுவலகம்தான் அதில் 80 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தருகிறது, அதற்கும் ஒரு வரம்பு உண்டு. 2025 கணக்கில் ஆண்டு வருமானம் 4,41,000 குரோனர் வரை, அதாவது மாதம் 36,750 வரைதான் எடுத்துக்கொண்டார்கள், அதற்கு மேல் வாங்கும் ஐடி ஆளுக்கு ஒவ்வொரு வாப் நாளும் கைநட்டம். அந்தப் பெண் உங்கள் பங்கில் கை வைக்கவில்லை, தன் சம்பளத்தை விட்டுத்தான் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்புறம், இது அம்மாவுக்கு மட்டும் என்று யார் சொன்னது? பொதுவாக 12 வயது வரை, ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 120 நாள், அப்பா அம்மா யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஸ்வீடன் முழுக்க எடுக்கப்படும் வாப் நாட்களில் ஏறக்குறைய பத்துக்கு நாலு அப்பாக்கள் எடுப்பது. 1974-லேயே பிரசவ விடுப்பைப் பெற்றோர் விடுப்பாக மாற்றிய நாடு இது. இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு 480 நாள், அதில் 90 நாள் அப்பாவுக்கென்றே ஒதுக்கியது, அவர் எடுக்காவிட்டால் போயே போச்சு. எடுக்காமல் விட்ட நம்மாட்கள் எனக்கே நாலைந்து பேரைத் தெரியும்.

என் கதையைக் கேளுங்கள். மகளைத் தாகிஸில், அதாவது பாலர் பள்ளியில், சேர்த்த முதல் குளிர்காலம். பிப்ரவரியை இங்கே 'வாப்ருவாரி' என்று கிண்டலடிப்பார்கள், அவ்வளவு சளி காய்ச்சல். அந்த மாதம் பதினோரு நாள் என் மனைவியே வீட்டில் இருந்தாள். எனக்கு வேலை முக்கியம், அவளுக்கு என்னவாம் என்ற நினைப்புதான், வேறென்ன. அவள் பார்த்துக்கொண்டிருந்த பிராஜெக்ட் சத்தமில்லாமல் இன்னொருவர் கைக்குப் போனது. மார்ச்சில் மறுபடி காய்ச்சல் வந்தபோது அவள் ஒன்றும் பேசவில்லை, தெர்மாமீட்டரை என் மடிக்கணினி மேல் வைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். 38.9. குழு அரட்டையில் "இன்று வாப்" என்று நான் போட்ட முதல் செய்திக்கு ஸ்வீடன்காரர்கள் இரண்டு பேர் இதயக்குறி போட்டார்கள். தனியாக ஒரு செய்தி வந்தது, நம்ம ஊர் நண்பரிடமிருந்து: "வீட்டம்மா ஊருல இல்லையா?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மாதம் முன்னால் வேறு யாராவது வாப் போட்டிருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

இனி மாநாட்டு விஷயம். சட்டம் கொடுப்பது ஒரு வகை, மேனேஜர் கையால் பங்கு போடுவது வேறு வகை. கம்பெனி தரும் உடல்நலப் படியை எல்லா ஊழியருக்கும் ஒரே நிபந்தனையில் கொடுத்தால்தான் வரியில்லை, வருடம் 5,000 குரோனர் வரை, ஜிம்முக்கோ நீச்சலுக்கோ செலவழிக்கலாம் (நீங்கள் இன்னும் தொட்டிருக்க மாட்டீர்கள், டிசம்பருக்குள் தொடுங்கள்). அதில் ஓரவஞ்சனைக்கு இடமில்லை. மாநாடு, பயிற்சி, நல்ல பிராஜெக்ட் இதெல்லாம் கையால் பரிமாறும் பந்தி, யார் இலையில் என்ன விழுகிறது என்று கவனிக்க வேண்டியது இங்கேதான். சில வருடம் முன்னால் அப்படி ஒரு பயணம் எனக்கு விழுந்தது. சந்தோஷமாகப் போய்வந்தேன். என்னைவிட அந்த வேலை தெரிந்த திருச்சிக்காரப் பெண் ஒருத்தி குழுவில் இருந்தாள். "சின்னக் குழந்தை இருக்கே, வரமாட்டாங்க" என்று மேனேஜர் தானாகவே முடிவு கட்டியிருக்கிறார், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மேனேஜர் ஸ்வீடன்காரர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. எனக்கும் நாலு வயதில் குழந்தை இருந்தது, என்னைப் பற்றி யாரும் அப்படி யோசிக்கவில்லை.

அதனால் இந்த முறை ஏன் அந்தப் பெண் என்று முணுமுணுக்காமல், எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், அடுத்த முறைக்கு நான் எப்போது பெயர் கொடுக்க வேண்டும் என்று மேனேஜரிடமே கேளுங்கள். இங்கே கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்காதவனுக்கு ஆசை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஜூலை விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பிள்ளை இல்லாதவன் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வான் என்ற எண்ணம் எல்லா ஆபீஸிலும் உண்டு. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் தொடர்ந்து நாலு வாரம் என்பது சட்டப்படி உங்களுக்கும் உரிமை, பிள்ளை குட்டி கணக்கெல்லாம் அதில் கிடையாது. எந்த நாலு வாரம் என்பதுதான் பேச்சுவார்த்தை. பட்டியல் திறக்கும் அன்றே பெயரைப் போடுங்கள், போன வருடம் ஜூலையை விட்டுக்கொடுத்தவருக்கு இந்த வருடம் முதல் உரிமை என்று சுழற்சி கேளுங்கள், பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். இங்கே செமஸ்டர் என்றால் விடுமுறை, பரீட்சை இல்லை. வருடத்துக்கு 25 நாள் பொதுவாக எல்லோருக்கும் உண்டு, ஆனால் சட்டப்படி சம்பளத்தோடு வருவது முந்தைய ஏப்ரல் முதல் மார்ச் வரை உழைத்துச் சேர்த்த நாட்கள்தான். புதிதாக வந்தவருக்குப் பல கம்பெனிகள் முன்கடனாகக் கொடுக்கும், ஐந்து வருடத்துக்குள் நீங்களாக விலகினால் கடைசிச் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. காபி அறையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு மேலே ஒரு வாரப் பட்டியல் ஒட்டியிருக்கும். எங்கள் குழுவில் நம்மூர் ஆண்கள் மூன்று பேர், மூன்று பேரும் எங்கள் வாரத்தை மறந்துகொண்டே இருந்தோம், ஆனாலும் கோப்பைகள் எப்படியோ அலமாரிக்குப் போய்க்கொண்டிருந்தன. அதே திருச்சிப் பெண்தான், நம்ம ஆட்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்று தினமும் கடைசியாக நின்று எடுத்து அடுக்கியிருக்கிறாள். அவள் ஊருக்குப் போன வாரம் தொட்டி நிறையக் கோப்பைகள், ஃபீகா என்னும் காபி இடைவேளை நேரத்தில் எல்லோர் முன்னாலும் பட்டியலில் இருந்த என் பெயரைச் சத்தமாகப் படித்தார்கள்.

உங்கள் பெயர் எந்த வாரத்தில் இருக்கிறது என்று திங்கட்கிழமை பாருங்கள். ஈரம் காயாமல் அடுக்கிவிடாதீர்கள், அதற்கும் ஒரு மின்னஞ்சல் வரும்.