பழங்காலச் சீன ஞானி கன்பூசியஸைத் தூற்றிய அதே சீனக் கம்யூனிஸ்ட் கட்சி இன்று ஏன் அவரைக் கொண்டாடுகிறது?

பெரியவருக்கு அடங்கு, குடும்பத்தைக் கவனி, ஒழுங்கைக் குலைக்காதே என்று சொன்னவரை எந்த ஆட்சிக்குத்தான் பிடிக்காது? புரட்சி செய்யும்போது இடைஞ்சலாக இருந்தவர், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தோதாகிவிட்டார் என்பது என் கணிப்பு.

அவருடைய சொந்த ஊர் ஷாண்டோங் மாகாணத்து சூஃபூ. 1966 நவம்பரில் கலாச்சாரப் புரட்சியின்போது, பெய்ஜிங்கிலிருந்து வந்த செங்காவலர்கள் (பழமையை ஒழிக்க மாவோ தூண்டிவிட்ட மாணவர் படை) அங்கே கல்வெட்டுகளை உடைத்தார்கள், அவர் வம்சத்தாரின் கல்லறைகளைத் தோண்டினார்கள். கன்பூசியஸ் சமாதிக்கு முன் நிற்கும் கல்லை உற்றுப் பார்த்தால், துண்டுகளை ஒட்டவைத்த விரிசல் கோடுகள் இன்றும் தெரியும். அதே இடம் 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இப்போது டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். 2013-இல் சீன அதிபர் ஷி ஜின்பிங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம், வெளிநாடு. சீன அரசின் ஆதரவில் வெளிநாடுகளில் நடக்கும் மொழி, பண்பாட்டு மையங்கள்தான் கன்பூசியஸ் நிறுவனங்கள். 2004-இல் சியோலில் தொடங்கிய அவற்றுக்குப் பெயர்தான் அவருடையது. சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் மாண்டரின், அதாவது சீன மொழி. தைவான், திபெத் பேச்சை அங்கே தவிர்க்கிறார்கள் என்ற புகார் கிளம்பியது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் அவற்றை மூடின; சுவீடனில் ஒன்றுகூட மிச்சமில்லை.

ஆனால் கட்சிக்குள்ளும் தயக்கம் தீர்ந்தபாடில்லை. 2011 ஜனவரியில் தியனன்மென் சதுக்கத்தை ஒட்டிய தேசிய அருங்காட்சியகத்தின் முன் பீடத்தோடு 9.5 மீட்டர் உயரத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஏப்ரலில் ஒரு நாள் விடிந்து பார்த்தால் சிலையைக் காணோம். சத்தமில்லாமல் உள் முற்றத்துக்கு நகர்த்தியிருந்தார்கள்.