பூனை ஏன் அந்தக் கதவில் போய் நிற்கிறது?

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாட்டுப் பூனையைத் தத்தெடுத்தோம். பெண், ஒன்றரை வயது இருக்கும் என்றார்கள். கருத்தடை செய்து, தடுப்பூசியும் போட்டுத்தான் கொடுத்தார்கள். பகலெல்லாம் சோபாவுக்கு அடியில் தூங்குகிறது. ராத்திரி ஒரு மணிக்கு ஆரம்பித்தால் விடியும் வரை கத்தல். எங்கள் அறைக் கதவைப் பிறாண்டும், அப்புறம் மாமனார் அறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு கத்தும். எங்கள் வீடு இரண்டாவது மாடி. பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்திப் பார்த்தோம், மேல் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். மாமனார் எழுந்து வந்து பால் ஊற்றிவிடுகிறார், சொன்னால் கேட்பதில்லை. மாமியார் போனதிலிருந்து அவருக்கு ராத்திரியில் எப்படியும் தூக்கம் கிடையாது. நானும் கணவரும் காலையில் வேலைக்கு ஓட வேண்டும், பையன் ப்ளஸ் டூ. பூனையை ராத்திரியில் தூங்க வைக்க என்ன வழி? சரிப்படவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: புதுப் பூனை ராத்திரியில் தூங்கவிடவில்லை என்று கடிதம் வராத மாதமே எனக்குக் கிடையாது. அதற்கான வழி பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, சொல்கிறேன். அதற்கு முன்னால் மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். மாமியார் போனதிலிருந்து அவருக்குத் தூக்கம் கிடையாது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே வேலைக்கும் ப்ளஸ் டூவுக்கும் போய்விட்டீர்கள்.

ஒரு மனிதர் உங்கள் வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம், ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கிடக்கிறார். எத்தனை மாதமாக என்று எழுதவில்லை. என்ன செய்கிறது அப்பா என்று யாராவது கேட்டதாக எழுதவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனதாகவும் இல்லை. பூனை மூன்று வாரம் தூங்கவில்லை என்றதும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

அந்தக் கோபத்தில் பாதியை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். அது அவருடைய அப்பா. உங்கள் கடிதத்தில் அவர் காலையில் வேலைக்கு ஓடுகிற இடத்தில் மட்டும்தான் வருகிறார். வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது மருமகளின் வேலை என்று சொல்கிறவர்களோடு எனக்கு என்றைக்குமே ஒத்துப்போனதில்லை, அது முதலில் பெற்ற பிள்ளையின் கடமை, மற்றவர்களெல்லாம் அதற்குத் துணை. மனைவியை இழந்த அப்பா எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்று ஒரு மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007இல் வந்த சட்டம் சோறு, துணி, இருக்க இடம், மருத்துவம் இவற்றைப் பிள்ளைகள் தர வேண்டும் என்கிறது. முதல் மூன்றையும் நீங்கள் குறைவில்லாமல் தந்துகொண்டிருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நாலாவதில்தான் கோட்டை விட்டிருக்கிறீர்கள், ஏனென்றால் தூக்கம் வராததை நீங்கள் நோயாகவே நினைக்கவில்லை. வயசாகிவிட்டது, மனைவி போய்விட்டார், அப்படித்தான் இருக்கும் என்று உங்களுக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டீர்கள்.

அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வயதானவர்கள் ராத்திரியில் விழித்திருப்பதற்குக் காரணங்கள் ஏராளம், அவற்றில் பலவும் சரிசெய்யக்கூடியவை. புராஸ்டேட் வீக்கமோ சர்க்கரையோ இருந்தால் ஐந்தாறு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ தருகிற நீர் பிரிகிற மாத்திரையைச் சாயங்காலம் போட்டால் ராத்திரி படுக்கவே முடியாது, காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். படுத்தால் மூச்சு வாங்குகிறதா, கால் குடைகிறதா, பகலில் மூன்று மணி நேரம் தூங்கிவிடுகிறாரா, ஆறு மணிக்கு மேல் காபி குடிக்கிறாரா என்று பாருங்கள். இது எதுவுமே இல்லையென்றால் துக்கம் மன அழுத்தமாக மாறியிருக்கலாம். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அப்புறம் தூங்கவே முடியாமல் போவது அதன் அடையாளங்களில் ஒன்று. அதற்கும் வைத்தியம் உண்டு. நீங்களாகவே கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம், அந்த வயதில் அது தள்ளாட வைத்துக் கீழே விழச் செய்யும். கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது, அம்பத்தூரிலிருந்து அது ஒன்றும் வெளியூர் இல்லை. கணவரை ஒரு நாள் லீவு போட்டு, அப்பா சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் எது எத்தனை மணிக்கு என்று எழுதி எடுத்துக்கொண்டு கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

சரி, இப்போது பூனை. அது ஏன் அந்த வாசலில் போய் உட்காருகிறது?

பூனைக்கு இயல்பாகவே சுறுசுறுப்பு வருவது அந்தி நேரத்திலும் விடியற்காலையிலும். ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் வரை தூங்கும், ஆனால் நம்மைப் போல ஒரே மூச்சாகத் தூங்காது, துண்டு துண்டாகத்தான். அதிலும் புது இடத்துக்கு வந்த பூனை பயத்தில் பகலெல்லாம் எங்காவது அடியில் ஒளிந்திருந்துவிட்டு, வீடு அடங்கின பிறகுதான் தைரியமாக வெளியே வரும். வந்து பார்த்தால் வீடு முழுக்க இருட்டு, யாரையும் காணோம், ஓர் அறையில் மட்டும் இருமல் கேட்கிறது, கட்டில் கிறீச்சிடுகிறது. விழித்திருக்கிற ஆள் எங்கே இருக்கிறார் என்று அதற்கு இரண்டே நாளில் தெரிந்திருக்கும். போதாததற்குக் கத்தினால் அங்கிருந்து பாலும் வருகிறது. ஒரு நாள் கொடுத்து, ஒரு நாள் அதட்டி, ஒரு நாள் பால்கனியில் தள்ளினால் பூனை இன்னும் பிடிவாதமாகத்தான் கத்தும், ஏதோ ஒரு நாள் கிடைத்துவிடுகிறதே.

பால் வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் இருக்கிற லாக்டோஸ் செரிக்காது, வயிறு போகும். ஆனால் அவர் ஏன் சொன்னால் கேட்பதில்லை என்று யோசித்தீர்களா? ராத்திரி இரண்டு மணிக்கு ஓர் உயிர் அவரைத் தேடி வந்து நிற்கிறது. அந்த வீட்டில் அவரை வேறு யார் தேடிப் போகிறார்கள்? வெறுங்கையோடு அதைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வராது. ஊற்றாதீர்கள் என்று தடுப்பதை விட்டுவிட்டு, சரியான சாப்பாட்டை அவர் கையில் கொடுங்கள், எப்போது கொடுப்பது என்பதையும் சொல்லுங்கள்.

முதலில் அவரிடம் கேளுங்கள். இந்தப் பூனை உங்கள் அறையில் படுக்கட்டுமா அப்பா என்று நீங்களோ உங்கள் கணவரோ உட்கார்ந்து கேட்க வேண்டும். உத்தரவு போடுவது, பூனையை அறைக்குள் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவது இதெல்லாம் கூடாது. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஹாலில் ஒரு மூலையில் அதற்கு இடம் பண்ணலாம். அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சம்மதித்தால் அந்த அறைதான் பூனைக்கு முதல் வீடு. புதுப் பூனைக்கு வீடு முழுவதையும் முதல் நாளே திறந்துவிட்டதுதான் நீங்கள் செய்த தப்பு. ஓர் அறையில் அதன் வாசனை ஊறின பிறகுதான் மற்ற இடங்களுக்குத் தைரியமாகப் போகும். பக்கவாட்டில் சாய்த்த ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே பழைய வேட்டி, அவர் உடுத்தியதாக இருந்தால் நல்லது. பிறாண்டுவதற்குக் கயிறு சுற்றிய கட்டையோ ஒரு பழைய கோணியோ. தண்ணீர்க் கிண்ணம் ஒரு பக்கம், லிட்டர் பாக்ஸ், அதாவது பூனை மலஜலம் கழிக்கிற மணல் பெட்டி, அதற்கு எதிர் மூலையில். சாப்பிடுகிற இடத்துக்குப் பக்கத்தில் பூனை மலம் கழிக்காது.

பகல் தூக்கத்தைக் கொஞ்சம் கலையுங்கள். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் தாத்தா ஒரு குச்சியில் துணியைக் கட்டி இழுத்துக் காட்டட்டும், அவருக்கும் பகல் தூக்கம் குறையும், இரண்டு பேருக்கும் அதே மருந்துதான். ராத்திரி படுப்பதற்கு முன்னால் பத்து பதினைந்து நிமிஷம் நன்றாக ஓடவிட்டு விளையாட்டு. கடைசியில் பூனை அந்தத் துணியைப் பிடிக்க வேண்டும், பிடிக்கவிடாமல் ஏய்த்துக்கொண்டே இருந்தால் அதற்கு வெறிதான் ஏறும். விளையாடி முடித்ததும் நாளின் பெரிய சாப்பாடு. வேட்டை, தீனி, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம், இதுதான் பூனையின் வரிசை, அந்த வரிசையை நீங்கள் ராத்திரி பத்து மணிக்குக் கொண்டுவருகிறீர்கள், அவ்வளவுதான். நூல், ரப்பர் பேண்ட் எதையும் கீழே விட்டுவைக்காதீர்கள், விழுங்கினால் குடலில் சிக்கும்.

சாப்பாடு என்றால் தயிர் சாதம் இல்லை. பூனை இறைச்சி தின்கிற பிராணி, இறைச்சியிலும் மீனிலும் கிடைக்கிற டாரின் என்ற சத்து இல்லாமல் அதன் கண்ணும் இதயமும் கெடும். நல்ல பூனைத் தீவனம் வாங்குங்கள், கூடவே உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து முள்ளோ எலும்போ எடுத்த மீன், கோழி கொஞ்சம். ஒரு கைப்பிடித் தீவனத்தைத் தனியாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டுத் தாத்தாவிடம் கொடுத்துவையுங்கள். அவர் விடிந்து எழுந்ததும் அதைப் போடட்டும், நடு ராத்திரியில் வேண்டாம். அவர் கையால் கொடுக்கிற சந்தோஷமும் போகாது, கத்தினால் கிடைக்கும் என்ற பாடமும் நின்றுபோகும். முதல் சில நாள் கத்தல் முன்பைவிட அதிகமாகும், பயப்படாதீர்கள், அப்போது போய் யாராவது ஒருவர் இளகிவிட்டால் அத்தனையும் வீண். உங்கள் கதவைப் பிறாண்டினாலும் திறக்காதீர்கள், திட்டவும் வேண்டாம், திட்டுவதும் அதற்கு ஒரு பதில்தான். இரண்டு மூன்று வாரம் கழித்தும் அதே கத்தல் என்றாலோ, சாப்பிடவில்லை, லிட்டர் பாக்ஸில் போய் உட்கார்ந்து முக்குகிறது என்றாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வயதானவர் அறையில் பூனை என்பதால் சில விஷயங்களில் அலட்சியமே கூடாது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரியில் சின்ன விளக்கு எரிய வேண்டும், இருட்டில் பூனை காலில் சிக்கி அவர் விழுந்தால் இடுப்பெலும்பு போகும். தரையில் விழுந்த மாத்திரையை அப்போதே எடுத்துவிட வேண்டும், ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிற பழக்கம் இருந்தால் அதன்மேல் துணி சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், பூனை நக்கினால் அதற்கு விஷம். பினாயில் ஊற்றித் துடைப்பதும் அப்படித்தான். நகத்தின் நுனியை மாதம் இரண்டு முறை வெட்டிவிடுங்கள். கீறினாலோ கடித்தாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும், அவருக்குச் சர்க்கரை இருந்தால் இன்னும் கவனம்.

லிட்டர் பாக்ஸ் சுத்தம் செய்வது உங்கள் பையனின் வேலை. குனிந்து நிமிர்கிற வேலையைத் தாத்தா தலையில் கட்டாதீர்கள், உங்கள் தலையிலும் போட்டுக்கொள்ளாதீர்கள். தினம் ஐந்து நிமிஷம். அதனால் மார்க் குறையாது. ப்ளஸ் டூ வந்துவிட்டால் வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு எந்தக் கடமையும் கிடையாது என்று நாம் வளர்க்கிற வளர்ப்புதான் பின்னால் காலையில் வேலைக்கு ஓடுகிற மகனாக வந்து நிற்கிறது. தாத்தா அறைக்குள் தினமும் ஒருமுறை அவன் கால் பட வேண்டும், பூனையைச் சாக்காக வைத்தாவது பட வேண்டும்.

பால்கனியை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. இரண்டாவது மாடியில், வலை கட்டாத பால்கனியாக இருந்தால், பயந்துபோன பூனையை ராத்திரியில் வெளியே தள்ளித் தாழ் போடுவது கொலைக்குச் சமம். புறாவுக்கு அடிக்கிற வலையையாவது இந்த வாரமே ஆள் வைத்து அடித்துவிடுங்கள். அதுவரை அந்தக் கதவு திறக்கக் கூடாது.

ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூனையை அவரிடம் ஒப்படைத்துவிட்டால் அவர் தனிமை தீர்ந்தது, நாம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நான் சொல்லவில்லை. நாற்பது ஐம்பது வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவர் போன இடத்தைப் பூனை நிரப்பாது. ராத்திரி சாப்பாடு ஆனதும் உங்கள் கணவர் போனைக் கீழே வைத்துவிட்டு அப்பா அறையில் அரை மணி நேரம் உட்கார வேண்டும். அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும். அவர் அழுதால் அழட்டும்.

திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்ந்த பூனை ஒரு வீட்டைத் தன் வீடாக நினைக்க மூன்று மாதம் ஆகலாம், நீங்கள் மூன்று வாரத்தில் வந்து நிற்கிறீர்கள். அதனால் இப்போது கூடாது. மூன்று மாதம் கழித்தும் முடியவில்லை என்றால், கொடுத்தவர்களுக்குப் போன் செய்வதற்கு முன்னால் மாமனாரிடம் கேளுங்கள், அவர் வேண்டும் என்று சொன்னால் அந்தப் பூனை உங்கள் வீட்டில்தான் இருக்கும்.